ஓராண்டு, வேறு வீட்டுப் பிள்ளையாக

முட்டுக்காட்டு உப்பங்கழியில் படகுச் சவாரிக்குக் காத்து நிற்கும் கூட்டத்துக்குக் கொஞ்ச தூரத்தில் பதினெட்டுப் பழைய வீடுகள் நிற்கின்றன. செட்டிநாட்டு வணிகர் வீடு, புதுப்பள்ளி சிரியன் கிறிஸ்தவர் வீடு, இல்கல் நெசவாளர் வீடு என்று தென்னிந்தியாவின் பல மூலைகளைச் சேர்ந்தவை. இவற்றில் பல, சொந்த ஊரில் இடிபட இருந்தவை. தூணையும் கதவையும் எண் போட்டுப் பிரித்து, வண்டியேற்றிக் கொண்டுவந்து, இந்த மணலில் திரும்பப் பொருத்தினார்கள். 1996 டிசம்பர் 14-ஆம் தேதி திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம் அது.

அதை நடத்தும் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனை 1984-இல் தொடங்கியவர் டெபோரா தியாகராஜன். அமெரிக்காவில் பிறந்து, மணமாகிச் சென்னைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். நம் ஆட்கள் பழசு என்று விறகுக்கும் ஜன்னல் வியாபாரிக்கும் விற்றுக்கொண்டிருந்த வீடுகளின் அருமை, வேறு நாட்டிலிருந்து வந்து இந்த வீடுகளுக்குள் வாழப் பழகிய ஒருவர் கண்ணுக்குத் தெரிந்தது. சொந்தக்காரர்களுக்கு அது அன்றாடம். வந்தவருக்கு அது பொக்கிஷம்.

இன்றும் அங்கே வெளிநாட்டு மாணவர்கள் குழுக்களாக வருகிறார்கள். சக்கரத்தில் மண் வனைகிறார்கள், திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள், வெயில் சாயும்போது கிளம்பிவிடுகிறார்கள். வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு பகல் போதும். ஆனால், அந்த வீட்டில் பிள்ளையாகப் பத்து மாதம் இருப்பது வேறு விஷயம். உலகத்தின் பல நாடுகளில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து அப்படிப் போகிறவர்கள் மிகச் சிலர். இங்கே வந்து தங்கிப் படிப்பவர்கள் அதிலும் குறைவு. கையில் பாஸ்போர்ட்டும் கண்ணில் கனவுமாகப் பிள்ளைகள் இருக்கும்போது, இந்த எண்ணிக்கை இப்படியே கிடப்பது வருத்தத்துக்குரியது.

பழைய மாமல்லபுரம் சாலையில் ஏறினால் 'வெளிநாட்டில் படிக்கலாம்' என்ற பலகைகளுக்குப் பஞ்சமில்லை. அவை சொல்வது பட்டப்படிப்பு. கடன் வாங்கி, ஐ.இ.எல்.டி.எஸ். எழுதி, இரண்டாண்டு படித்து, வேலை தேடி, முடிந்தால் அங்கேயே நிலைத்துவிடுவது என்ற பாதை. பள்ளி மாணவர் பரிமாற்றம் அந்தப் பாதையின் முதல் படி அல்ல. இதில் பட்டம் கிடையாது, பெரும்பாலும் அந்த நாட்டுப் பள்ளிச் சான்றிதழ்கூடக் கிடையாது. வேலை கிடையாது. போகிற பிள்ளை அந்த ஊரிலுள்ள சாதாரண உயர்நிலைப் பள்ளியில் உட்கார்ந்து படிக்கும். அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கும். ஓராண்டு முடிந்ததும் ஊர் திரும்பும்.

ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள்

இந்த ஏற்பாட்டின் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில், 1915-இல், பிரான்சில் காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிச் செல்ல அமெரிக்கத் தன்னார்வலர்கள் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ், சுருக்கமாக ஏ.எஃப்.எஸ்., என்பது அவர்கள் அமைப்பு. இரண்டாம் உலகப் போரிலும் அவர்கள் வந்தார்கள். பர்மா முனையில் பிரிட்டிஷ் இந்தியப் படையினரைச் சுமந்த வண்டிகளில் அவர்களுடையதும் உண்டு. போர் முடிந்தது. இரண்டு தலைமுறைப் பிணங்களைத் தூக்கிய அந்த மனிதர்கள், அடுத்த போர் வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்தார்கள். எதிரி நாட்டு வீட்டில் ஓராண்டு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த நாட்டின் மேல் குண்டு போட மனம் வராது என்பது அவர்கள் நம்பிக்கை. 1947-இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா வந்தார்கள். இன்று உலகின் மிகப் பெரிய மாணவர் பரிமாற்ற அமைப்புகளில் ஒன்று அது. இந்தியாவிலும் அதன் கிளை இருக்கிறது.

கிறிஸ்டின் லகார்டின் பெயர் நாளிதழ் வாசிப்பவர்களுக்குத் தெரியும். சர்வதேச நாணய நிதியத்துக்கும் பிறகு ஐரோப்பிய மத்திய வங்கிக்கும் தலைமை ஏற்ற முதல் பெண். பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுக நகரில் வளர்ந்த அவர், பதின்ம வயதிலேயே தந்தையை இழந்தவர். 1973-74-இல் ஏ.எஃப்.எஸ். உதவித்தொகையில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துப் பள்ளி ஒன்றில் படித்தார். அந்த ஓராண்டில்தான் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அலுவலகத்தில் பயிற்சியாளராகவும் இருந்தார். அவர் உயர்ந்ததற்கு அந்த ஓராண்டு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் பதினேழு வயதில் இன்னொரு மொழியில், இன்னொரு குடும்பத்தின் உணவு மேசையில் தன் கருத்தைச் சொல்லிப் பழகிய பெண்ணுக்கு, உலகத் தலைவர்களின் மேசை அந்நியமாக இருந்திருக்காது.

இன்னொரு பெயர் யோஷிஹிரோ ஹட்டோரி. ஜப்பானின் நகோயா நகரத்துப் பையன், வயது 16. ஏ.எஃப்.எஸ். மாணவனாக லூசியானா மாநிலத்தின் பாட்டன் ரூஜ் நகரில் படித்துக்கொண்டிருந்தான். 1992 அக்டோபர் 17 அன்று மாலை, ஹாலோவீன் விருந்துக்குத் தான் தங்கியிருந்த வீட்டுப் பையனுடன் கிளம்பியவன், முகவரி மாறி வேறொரு வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து 'நில்' என்றார். அது அவனுக்குப் புரிந்ததா என்பது யாருக்கும் தெரியாது. சுட்டுவிட்டார். குற்றவியல் வழக்கில் அவர் விடுதலையானார்.

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது. ஜப்பானில் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகக் கையெழுத்து வாங்கி, 1993-இல் அதிபர் கிளின்டனைச் சந்தித்துக் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. மகன் பெயரில் ஒரு நிதியை ஏற்படுத்தி, அமெரிக்கப் பள்ளி மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைத்துக் குடும்பங்களோடு தங்கிப் படிக்க வைத்தார்கள். துப்பாக்கி இல்லாமல் ஒரு சமூகம் நிம்மதியாக வாழ முடியும் என்பதை அமெரிக்கப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்பது அவர்கள் விருப்பம். மகனைக் கொன்ற நாட்டின் பிள்ளைகளுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட அந்தத் தாய் தந்தையருக்கு எத்தனை பெரிய மனம் இருந்திருக்க வேண்டும்!

செலவில்லாத ஓர் ஆண்டு

நம் ஊர்ப் பெற்றோரின் முதல் கேள்வி பணம். கட்டணம் செலுத்திப் போகும் திட்டங்களுக்குப் பல லட்சம் ஆகும் என்பது உண்மை. அதே சமயம், முழு உதவித்தொகையோடு போன இந்திய மாணவர்களும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு திட்டத்தை உருவாக்கியது. செனட்டர்கள் எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் இருவரின் பெயரால் கென்னடி-லூகர் இளைஞர் பரிமாற்றம் மற்றும் கல்வித் திட்டம் என்று அழைக்கப்படுகிறது, சுருக்கமாக யெஸ். முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பள்ளி மாணவர்களுக்கானது. இந்தியாவும் அதில் இடம்பெற்று வந்திருக்கிறது. எல்லா மதப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். இங்கே தேர்வை நடத்தி வந்தது ஏ.எஃப்.எஸ். இந்தியா. தேர்ந்தெடுக்கப்பட்டவரின் விமானக் கட்டணம், விசா, காப்பீடு, மாதக் கைச்செலவு எல்லாம் அமெரிக்க அரசின் பொறுப்பு.

தங்கவைக்கும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. பள்ளி மாணவர்களுக்கான ஜே-1 விசா விதியே அப்படித்தான் சொல்கிறது: பணம் கொடுத்து வீடு பிடிக்கக் கூடாது. மாணவருக்கு வயது 15-க்கும் பதினெட்டரைக்கும் இடையில் இருக்க வேண்டும். மழலையர் வகுப்பைக் கழித்து, பதினோராண்டுக்கு மேல் பள்ளிப் படிப்பு முடித்திருக்கக் கூடாது. அந்த வீட்டிலுள்ள 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்பட வேண்டும். உள்ளூர்ப் பொறுப்பாளர் மாதந்தோறும் மாணவரோடு பேச வேண்டும். யெஸ் போன்ற அரசு நிதித் திட்டத்தில் போனவர், திரும்பி வந்து இரண்டாண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதை நிறைவேற்றாமல் அமெரிக்காவில் குடியுரிமை நோக்கிய விசாவோ வேலை விசாவோ கேட்க முடியாது. பரிமாற்றத்தைக் குடியேறும் குறுக்குவழியாக நினைக்கிறவர்களுக்கு இதுவே பதில்.

இந்த விதிகளில் சில, நடந்துவிட்ட தவறுகளால் வந்தவை. 2009-இல் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரில், பரிமாற்ற மாணவர்கள் சிலர் போதிய உணவில்லாமல், சுகாதாரமற்ற வீடுகளில் கிடந்தது வெளியே வந்தது. அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு 2010-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை குடும்பத் தேர்வு விதிகளை இறுக்கியது. ஆபத்தே இல்லை என்று எந்த அமைப்பும் சொல்ல முடியாது. 2018 மே 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் சான்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட பத்துப் பேரில், யெஸ் திட்டத்தில் கராச்சியிலிருந்து வந்திருந்த 17 வயது மாணவியும் ஒருவர். ஊருக்குத் திரும்ப மூன்று வாரம்தான் இருந்தது. பெற்றோர் முடிவெடுக்கும்போது இதையும் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். மறைத்துப் பேசுவது நேர்மையல்ல.

முட்டுக்காட்டோடு நெருக்கமாகத் தொடர்புள்ள ஒரு செய்தி, இந்தத் திட்டத்துக்குள் இருக்கிறது. பார்வை, செவித்திறன், உடலியக்கம் எனக் குறைபாடுகளோடு வாழும் மாணவர்களையும் யெஸ் திட்டம் தேடித் தேர்ந்தெடுக்கிறது. அவர்களுக்கென ஆரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில் முன்பயிற்சி தருகிறது மொபிலிட்டி இன்டர்நேஷனல் யு.எஸ்.ஏ. என்ற அமைப்பு. 1981-இல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான சூசன் சைகால், சக்கர நாற்காலியில் உலகம் சுற்றியவர். வெண்கோல் பிடித்துத் தனியாகப் பேருந்து ஏறுவது, தனக்கு என்ன வசதி வேண்டும் என்று பள்ளியிடம் கூச்சமில்லாமல் கேட்பது ஆகியவை எல்லாம் அங்கே கற்றுக்கொடுக்கப்படுகின்றன. முட்டுக்காட்டில்தான் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது. சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் அந்த வாசலுக்கு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளில், ஆங்கிலத்தில் பேசி எழுதக்கூடிய பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் 'நீ ஓராண்டு வெளிநாட்டில் படித்துவிட்டு வரலாம்' என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? சொல்ல வேண்டும். சிறப்பாசிரியர்கள், பெற்றோர் சங்கங்கள், மருத்துவர்கள் எல்லாரும் சொல்ல வேண்டும். இப்படி ஒரு வழி இருப்பதையே அறியாமல் ஒரு பிள்ளையின் வயது கடந்துபோவது பெரிய இழப்பு.

'ஒரு வருஷம் வீணாப் போயிடுமே'

பணத்தையும் பாதுகாப்பையும் தாண்டி வரும் மூன்றாவது தடைதான் நம் மாநிலத்தில் மிகப் பெரியது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் குரூப் எது என்ற பேச்சு தொடங்கிவிடும். மருத்துவம் என்றால் நீட், பொறியியல் என்றால் ஜே.இ.இ. அல்லது கட்-ஆஃப். அண்ணன் பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லாரும் கோச்சிங் சேர்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் 'நான் ஒரு வருஷம் நெப்ராஸ்காவுல படிச்சிட்டு வரேன்ப்பா' என்று ஒரு பெண் கேட்டால், 'ஒரு வருஷம் வீணாப் போயிடுமே' என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில்.

நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் அந்தப் பயம் அளவுக்கு மீறியது என்று புரியும். நம் பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது, மே மாதம் மதிப்பெண் வருகிறது. அமெரிக்கப் பள்ளிகள் ஆகஸ்டில் திறக்கின்றன, மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ மூடுகின்றன. நம் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. பத்து முடித்து ஆகஸ்டில் விமானம் ஏறுகிற மாணவி, அடுத்த ஜூனில், பதினோராம் வகுப்பு தொடங்கும்போதே வந்து உட்கார்ந்துவிடலாம். நடுவில் அறுந்த பாடம் எதுவும் இல்லை. அவள் தன் வகுப்புத் தோழிகளைவிட ஓராண்டு பின்னால் இருப்பாள், அவ்வளவுதான். நீட்டுக்காக ஓராண்டோ ஈராண்டோ வீட்டிலேயே உட்கார்ந்து மறுபடி எழுதும் பிள்ளைகளை இயல்பாக ஏற்றுக்கொண்ட சமூகம் இது. ஓராண்டு உலகம் பார்த்துவிட்டு வருகிற பிள்ளையை ஏற்றுக்கொள்ள முடியாதா?

உண்மையான சிக்கல் பள்ளியில் இருக்கிறது. திரும்பி வரும்போது இடம் இருக்குமா என்பதற்கு எழுத்தில் உறுதி கொடுக்கப் பல தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள். வழிகாட்டும் தெளிவான அரசாணை கையில் இருந்தால் அவர்களும் துணிவார்கள். 2018-இல் அறிமுகமான பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை, 2025-26 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாடு அரசு நீக்கிவிட்டது. பதினொன்றில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும் இந்த நேரத்தில், பரிமாற்ற மாணவருக்கு ஓராண்டு இடத்தைக் காப்பாற்றித் தரும் ஆணையையும் கல்வித் துறை பிறப்பிக்கலாம். அரசுக்குச் செலவே இல்லாத காரியம் இது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வெளிநாடு அனுப்புவது இந்த அரசுக்குப் புதிதும் அல்ல. போட்டிகளில் வென்ற மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாக ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர், ஜப்பான் என்று அழைத்துப் போயிருக்கிறார்கள். ஜப்பானின் சகுரா அறிவியல் பரிமாற்றத் திட்டத்தில் 2016-லிருந்து இந்தியப் பள்ளி மாணவர்கள் போய்வருகிறார்கள். இவை நல்லவை, ஆனால் சில நாட்களில் முடிகிறவை. ஆசிரியர் கூடவே இருப்பார், தங்குவது விடுதி. தனியே ஒரு வீட்டுக்குள் நுழைந்து, முதல் மாதம் நாக்கு செத்து, இரண்டாம் மாதம் அம்மாவை நினைத்து அழுது, மூன்றாம் மாதம் அந்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவி, கிறிஸ்துமஸுக்குள் அந்த வீட்டுத் தங்கையோடு சண்டை போடும் உரிமை பெறுகிற அனுபவத்தைச் சுற்றுலா தராது.

நம் வீட்டுக் கதவு

இதில் இன்னொரு பாதி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1927-இல் பிரான்சின் நீஸ் நகர ரோட்டரி சங்கம் தொடங்கி வைத்த இளைஞர் பரிமாற்றம், இன்று 15 முதல் 19 வயது வரையிலான மாணவர்களுக்காகப் பல நாடுகளில் நடக்கிறது. பிள்ளையை அனுப்பும் குடும்பம், வருகிற பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள முன்வர வேண்டும் என்பது அங்கே பொதுவான எதிர்பார்ப்பு. சாப்பாடும் தங்குமிடமும் குடும்பத்தின் பொறுப்பு; பயணமும் காப்பீடும் பெரும்பாலும் மாணவரின் வீட்டுப் பொறுப்பு. தமிழ்நாட்டின் பெரு நகரங்களில் ரோட்டரி சங்கங்களுக்குக் குறைவில்லை.

முட்டுக்காட்டுக் கரை வெளியூர்க்காரருக்குப் பழகிய கரை. பக்கத்துக் கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்கு கற்று, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, அந்தக் குப்பத்தையே நாடறியச் செய்தார். தெற்கே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணைக்கு உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். இன்னும் தெற்கே மாமல்லபுரத்தின் தெருக்களில் பிரெஞ்சும் ஜெர்மனும் பேசும் கடைக்காரர்கள் உண்டு. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் விடுதியில் தங்கி, உணவகத்தில் சாப்பிட்டு, சிற்பத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு ஜெர்மன் பெண்ணோ பிரேசில் பையனோ இந்தக் கரையோரத்துப் பள்ளி ஒன்றில் நம் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பத்து மாதம் படித்தால், பயன் அந்த ஒரு மாணவருக்கு மட்டுமல்ல. வகுப்பிலுள்ள நாற்பது பேருக்கும் விமானக் கட்டணம் இல்லாமலே வெளிநாடு கிடைக்கிறது. ஆங்கிலம் பேசக் கூசும் பிள்ளை, ஆங்கிலம் தாய்மொழியல்லாத இன்னொரு பிள்ளையோடு தடுமாறிப் பேசித் துணிவு பெறுகிறது. வீட்டில் பாட்டி, 'சாப்பிட்டியாம்மா' என்று தமிழிலேயே கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணைத் தமிழ் பேச வைத்துவிடுவார்.

வீடு சிறியது, கழிவறை ஒன்றுதான், மகள் இருக்கும் வீட்டில் வேற்றுப் பிள்ளையா என்ற தயக்கங்கள் எல்லாம் நியாயமானவை. தனி அறை கட்டாயமல்ல. தனிக் கட்டிலும் படிக்க ஓர் இடமும் பெரும்பாலான திட்டங்களுக்குப் போதும். அமைப்பாளர்கள் வீட்டுக்கு நேரில் வந்து பார்த்து, பேசி, யாரை யாருடன் வைப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இப்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு மே இறுதியில் மாணவர், பரிமாற்றப் பயணி விசாக்களுக்கான புதிய நேர்காணல் பதிவு நிறுத்தப்பட்டு, ஜூனில் மீண்டும் தொடங்கியபோது விண்ணப்பதாரரின் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னார்கள். சென்னை துணைத் தூதரகத்தில் விண்ணப்பிப்பவருக்கும் அதுவே விதி. ஆகவே எந்தத் திட்டம் அந்த ஆண்டு இந்தியாவுக்கு உண்டு என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்கா மட்டுமே உலகம் அல்ல, ஏ.எஃப்.எஸ்., ரோட்டரி இரண்டிலும் ஐரோப்பா, ஜப்பான், தென்னமெரிக்கா என்று பல வழிகள் இருக்கின்றன. ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளுக்காக 2008-இல் ஜெர்மனி தொடங்கிய பாஷ் திட்டம், தேர்ந்தெடுத்த மாணவர்களைக் கோடைக்கால வகுப்புக்கு அங்கே அழைக்கிறது. ஓராண்டு பிரிந்திருக்க மனம் வராத குடும்பம் அதிலிருந்து தொடங்கலாம்.

பிள்ளை எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் எடுங்கள். பத்தாம் வகுப்பு தொடங்கியதும் தலைமையாசிரியரைப் பார்த்து, ஓராண்டு கழித்துத் திரும்பினால் இடம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். 'இல்லை' என்று சொன்னால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். பத்துப் பெற்றோர் எழுதினால் அது கோப்பாகும். நூறு பேர் எழுதினால் அரசாணையாகும். உங்கள் வீட்டில் ஒரு கட்டில் போட இடம் இருந்தால், அதையும் அந்த அமைப்புகளுக்குச் சொல்லி வையுங்கள்.